காகித ஆலைக் கழிவுநீரும் எங்கள் கிணறும்

காகித ஆலை என்றதும் புகளூர், பள்ளிபாளையம் போன்ற ஊர்களின் பெரிய ஆலைகள்தாம் பலருக்கும் நினைவுக்கு வரும். எங்கள் நிலத்துக்கு மேற்கே இருப்பது அப்படிப்பட்டதன்று. பழைய அட்டைப்பெட்டிகளையும் கழிவுக் காகிதத்தையும் தண்ணீரில் ஊறவைத்து அரைத்து, அட்டைப்பெட்டி செய்யப் பயன்படும் பழுப்பு நிறக் கிராஃப்ட் காகிதம் தயாரிக்கும் சிறிய ஆலை அது. ஆலையின் பெயரை எழுதப்போவதில்லை; இழப்பீட்டு மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. என் கணவர் பெங்களூரில் வாகனம் ஓட்டுகிறார், மாதம் இரண்டு முறைதான் வீட்டுக்கு வருவார். ஆகவே தருமபுரி மாவட்டத்தின் ஓரத்தில் உள்ள எங்கள் மூன்று ஏக்கர் நிலத்தையும், அதன் கிணற்றுக்கு வந்த கேட்டையும், அதற்குப் பின் ஏறி இறங்கிய அலுவலகங்களையும் பெரும்பாலும் நான் ஒருத்தியாகவே பார்க்க வேண்டியிருந்தது. எந்த ஆவணத்தை எந்தக் காலத்தில் கேட்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே யாராவது சொல்லியிருந்தால், பணத்தில் பாதியும் தூக்கத்தில் பெரும்பகுதியும் மிஞ்சியிருக்கும். இதே நிலையில் இருக்கும் இன்னொருவருக்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் அறிகுறி சொட்டுநீர்க் குழாயில் தெரிந்தது. அந்த ஆண்டு ஒரு ஏக்கரில் தக்காளியும் அரை ஏக்கரில் சாமந்தியும் வைத்திருந்தேன். ஐப்பசி மழை நின்ற சில வாரங்களில் தக்காளிச் செடிகளின் இலை ஓரம் கருகத் தொடங்கியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, செடி வரிசையோடு போகும் லேட்டரல் குழாயைத் தூக்கிப் பார்த்தபோது, தண்ணீரைச் சொட்டவிடும் டிரிப்பர்கள் வரிசையாகப் பல அடைத்திருந்தன. வழக்கமாக எங்கள் பக்கத்தில் உப்புப் படிந்துதான் அடைக்கும். ஆசிட் விட்டால் சரியாகிவிடும். இந்த முறை டிரிப்பரைக் கழற்றியபோது உள்ளே இருந்தது சாம்பல் நிற வழுவழுப்பு. விரலால் தேய்த்தால் நுண்ணிய நார் நாராகப் பிரிந்தது. ஆசிட்டுக்கு அது கரையவில்லை. கிணற்றடிக்குப் போனால் புளித்த கஞ்சித்தண்ணீரைப் போன்ற ஒரு வாடை வந்தது. மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

ஆலைக்கும் எங்கள் நிலத்துக்கும் நடுவே ஓர் ஓடை இருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் போகும். அதில் இறங்கி மேல்நோக்கி நடந்தேன். தண்ணீர் வற்றிய இடங்களில் மணல்மேல் ஒரு சாம்பல் நிறத் தோல் படிந்திருந்தது. ஓரத்தைப் பிடித்துத் தூக்கியபோது முழங்கை நீளத்துக்குக் கிழியாமல் உரிந்து வந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் அது காகிதமேதான். நடுநடுவே நீலமும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் துணுக்குகள், ஒரு இடத்தில் துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின். அதைப் பார்த்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தைவிட அச்சம்தான் மிகுதியாக இருந்தது, ஏனென்றால் அந்தக் கிணறு போனால் எங்களுக்கு வேறு தண்ணீர் இல்லை. ஆனாலும் அந்தத் தோலை உரித்து, ஒரு செய்தித்தாளின் மேல் தேதி தெரியும்படி வைத்துப் படம் எடுத்து, உலர்த்திப் பத்திரப்படுத்தினேன். பிற்பாடு, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயம் அமைத்த கூட்டுக்குழுவின் முன் அதிகம் பேசப்பட்ட சான்று அதுதான். ஓடைத் தண்ணீரில் உப்பு கூடியதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். காகித நார் வந்ததற்கு ஒரு காரணம்தான் சொல்ல முடியும்.

இந்த ஆலைகள் இயங்கும் முறையைக் கொஞ்சமாவது தெரிந்துகொள்வது மிகவும் உதவும். பழைய அட்டையோடு அதில் இருந்த மாவுப்பசையும் மையும் உப்பும் சேர்ந்தே கூழாக்கும் தொட்டிக்குள் போகின்றன. இயந்திரத்தில் தாளாகப் படியும்போது பிழிந்து வெளியேறும் நீரை ஆலைகள் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகின்றன. அது நல்லதுதான், புதுத் தண்ணீர் மிச்சமாகிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பசையும் உப்பும் நீரில் ஏறிக்கொண்டே போகும். நுண்ணுயிர் பெருகி வாடை எழும். தாளிலும் கறை விழும். அந்தக் கட்டத்தில் ஒரு பகுதியை வெளியேற்றியே ஆக வேண்டும். வெளியேற்றுவது முறையான சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறதா, இருட்டில் ஓடைக்குப் போகிறதா என்பதுதான் வேறுபாடு. எங்கள் ஓடையில் பெரும்பாலும் மழை பெய்யும் இரவிலும் விடுமுறை நாளிலும்தான் நீர் நிறம் மாறியது. அதைக் கவனித்துக் குறித்து வைத்ததால்தான் பிறகு அதிகாரிகளிடம் எப்போது வரச் சொல்ல வேண்டும் என்பதை என்னால் சொல்ல முடிந்தது.

தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கினேன்; இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கிணறு, ஓடையில் ஆலைக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று அளந்து, தேதி, நேரம், மழை உண்டா இல்லையா என்பதோடு நோட்டில் எழுதினேன். ஆலைக்கு மேலே உள்ள இடத்தையும் அளப்பது மிக முக்கியம். அந்த அளவு இல்லாவிட்டால் கீழே உள்ள அளவுக்கு ஒப்பீடே கிடையாது. படங்களை ஜி.பி.எஸ். கேமரா செயலியில் எடுத்தேன். இடமும் நேரமும் படத்திலேயே பதிந்துவிடும். இவை எதுவும் சட்டப்படியான பரிசோதனை ஆகாது. ஆனால் ஒரு மனுவில் “தண்ணீர் கெட்டுவிட்டது” என்று எழுதுவதற்கும், “இந்தத் தேதி இரவு மழைக்குப் பின் மேலே 640, கீழே 3,100” என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை அதைப் படிக்கும் அலுவலரின் முகத்திலேயே கண்டேன்.

ஆலைக்குப் போய் மேலாளரிடம் பேசினேன். மரியாதையாகவே பேசினார். “ஏம்மா, தருமபுரி தண்ணி என்னைக்கு நல்லா இருந்துச்சு? இங்க ஃபுளோரைடு இருக்குன்னுதானே ஒகேனக்கல் தண்ணியே கொண்டாந்தாங்க?” என்றார். அந்தக் கேள்விக்கு அந்த நேரத்தில் என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னதில் உண்மையும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களின் நிலத்தடி நீரிலும் ஃபுளோரைடு மிகுதி. பல்லில் கறை படிந்த பிள்ளைகளை இங்கே எந்தப் பள்ளியிலும் காணலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது அதற்காகத்தான். ஆனால் ஃபுளோரைடு பாறையிலிருந்து கரைந்து வருவது. அதனால் ஒரே பருவத்தில் கிணற்று நீரின் உப்பு பல மடங்கு ஏறாது, நாரும் வராது, புளித்த வாடையும் வராது. இந்த மாவட்டங்களில் யார் நீர் மாசு பற்றிப் புகார் செய்தாலும் இந்தப் பதில் வரும் என்று எதிர்பார்த்துத் தயாராக இருங்கள். நிலத்தடி நீரில் அழுகும் கரிமப்பொருள் கிட்டத்தட்ட இருக்கவே கூடாது. ஆகவே பரிசோதனை செய்யும்போது உப்பையும் கடினத்தன்மையையும் மட்டும் பார்க்காமல், அப்படிப்பட்ட பொருள் எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் சி.ஓ.டி., பி.ஓ.டி. இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். கிணற்று நீரில் அவை கணிசமாக இருந்தால், பாறையைக் குற்றம் சொல்ல முடியாது.

முன்பு தண்ணீர் எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். அது என் பீரோவிலேயே இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் சொட்டுநீர் மானியத்துக்கு விண்ணப்பித்தபோது மண், நீர்ப் பரிசோதனை அறிக்கை இணைத்திருந்தோம். சிறு, குறு விவசாயி என்பதால் நூறு விழுக்காடு மானியம் கிடைத்தது, அத்தோடு அந்தக் கோப்பை மறந்துவிட்டோம். அந்த ஒரு பக்க அறிக்கையில் கிணற்று நீரின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துத்திறனும் கார அமில நிலையும், அரசுப் பரிசோதனை நிலையத்தின் முத்திரையோடும் தேதியோடும் இருந்தன. மானியத்தில் சொட்டுநீர் போட்ட விவசாயிகளிடம் இப்படி ஓர் அறிக்கை இருக்கும். தேடி எடுத்து நகல் போட்டு வையுங்கள். இல்லாதவர்கள், பக்கத்தில் ஏதேனும் ஆலை வரப்போகிறது என்று காதில் விழுந்த அன்றே வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலோ கொடுத்து ஒரு சான்று வாங்கி வையுங்கள். செலவு மிகக் குறைவு.

அதன்பின் தனியார் ஆய்வகம் ஒன்றில் கிணற்று நீரையும் ஓடை நீரையும் பரிசோதித்தேன். ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்து ஏற்கும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் உள்ள ஆய்வகமா, அந்த அங்கீகாரம் நாம் கேட்கும் பரிசோதனைகளுக்கும் பொருந்துமா என்று முதலில் கேட்க வேண்டும். பி.ஓ.டி. பார்ப்பதற்கான மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து, எடுத்த அன்றே ஒப்படைக்க வேண்டும். வெயிலில் பேருந்தில் எடுத்துப்போனால் எண் பொய்யாகிவிடும். முடிந்தால் ஆய்வக ஆளையே வரவழைத்து எடுக்கச் செய்வது நல்லது. கட்டணமும் வண்டிச் செலவுமாக எனக்கு ஒன்பதாயிரம் ரூபாய்க்குமேல் ஆயிற்று.

கையில் எண்கள் வந்தபின் அவற்றை எதோடு ஒப்பிடுவது என்ற கேள்வி வந்தது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் முதல் அட்டவணையில் சிறிய காகித ஆலைகளுக்கென்று தனி வரையறை இருக்கிறது. கழிவுநீரின் கார அமில நிலை 5.5-இலிருந்து 9-க்குள் இருக்க வேண்டும், மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, பி.ஓ.டி. நீர்நிலையில் விடுவதானால் 30, நிலத்தில் விடுவதானால் 100. பி.ஓ.டி. என்பது கழிவில் உள்ள அழுகும் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருந்து எவ்வளவு ஆக்சிஜனை உறிஞ்சும் என்ற அளவு. 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைத்துப் பார்க்கிறார்கள். கழிவுக் காகிதத்தைப் பயன்படுத்தும் ஆலை ஒரு டன் காகிதத்துக்கு 75 கன மீட்டருக்கு மேல், 1992-க்குப் பின் நிறுவப்பட்டதானால் 50 கன மீட்டருக்கு மேல், கழிவுநீர் வெளியேற்றக் கூடாது என்பதும் அதே அட்டவணையில் இருக்கிறது. இவை நாடு முழுவதற்குமான உச்ச அளவுகள். மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஓர் ஆலைக்கு இதைவிடக் கடுமையாகவும் நிபந்தனை போடலாம். எந்த ஆலைக்கு என்ன நிபந்தனை என்பது அதற்கு வாரியம் தரும் அனுமதி ஆணையான இசைவாணையில்தான் தெரியும்.

நான் இத்தனையும் எழுதுவதற்கு முதன்மையான காரணமே இந்த இசைவாணைதான். 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் ஆலை கட்டுவதற்கு முன் நிறுவுவதற்கான இசைவாணையும், ஓட்டுவதற்கு முன் இயக்குவதற்கான இசைவாணையும் வாங்க வேண்டும். பின்னது குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லும், புதுப்பிக்க வேண்டும். நாளொன்றுக்கு எத்தனை டன், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கழிவுநீர், எந்த வாய் வழியாக, எங்கே விட வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். நீர்ச் சட்டத்தின் 25(6)-ஆம் பிரிவு, வாரியம் வைத்திருக்கும் இசைவாணைப் பதிவேட்டில் குறிப்பிட்ட ஒரு கழிவுநீர் வாய் பற்றிய பகுதியை, அதனால் பாதிக்கப்படுபவர் யாரும் உரிய நேரத்தில் பார்வையிடலாம் என்கிறது. என்னிடம் இதை யாரும் சொல்லவில்லை. நான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகத்தான் பெற்றேன்: பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனு, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் நகல் கட்டணம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. எனக்கு மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் வந்தது. கேட்கும்போது “ஆலை பற்றிய விவரம்” என்று பொதுவாகக் கேட்காமல், நடப்பு இசைவாணைகளின் நகல், கடந்த மூன்று ஆண்டு ஆய்வு அறிக்கைகள், கழிவுநீர் மாதிரிகளின் முடிவுகள், அனுப்பிய அறிவிப்புகள், அவற்றுக்கு ஆலை தந்த பதில்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

வந்த நகலை வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. சுத்திகரித்த நீரை ஆலை தன் சொந்த நிலத்தில் மரங்களுக்கும் புல்லுக்கும் பாய்ச்ச வேண்டும் என்று சர்வே எண்ணோடு எழுதியிருந்தது. கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து புலப்படம் வாங்கி அந்த எண்ணைத் தேடினேன். அது இருந்த இடத்தில் பழைய அட்டை மூட்டைகள் அடுக்கும் தகரக் கொட்டகை நின்றது. ஒரு சாண் புல்கூட அங்கே இல்லை. பாய்ச்ச நிலமே இல்லாத தண்ணீர் எங்கே போகும்? அந்த ஒரு பக்கத்தையும் புலப்படத்தையும் கொட்டகையின் படத்தையும் சேர்த்து வைத்தபோது, என் புகாரின் தன்மையே மாறிவிட்டது. அதுவரை அது ஒரு பெண்ணின் ஆற்றாமையாகத்தான் பார்க்கப்பட்டது. அதற்குப் பிறகு அது இசைவாணை நிபந்தனை மீறல்.

மனு கொடுப்பதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம்தான் முதன்மையாகக் கொடுக்க வேண்டும். அதுவும் கிணறு எந்த மாவட்டம் என்று பார்த்தல்ல, ஆலை எந்த மாவட்டம் என்று பார்த்து. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தபின் எங்கள் பக்கத்தில் ஓடைக்கு ஒரு கரை ஒரு மாவட்டம், மறு கரை இன்னொரு மாவட்டம். ஆகவே இரண்டு ஆட்சியர் அலுவலகங்களிலும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் பதிவு செய்து எண் வாங்கினேன். ஓர் அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொண்டு ஒப்புதல் தர மறுத்தார்கள். அதற்குப் பின் எல்லாவற்றையும் ஒப்புதல் அட்டையுடன் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் பேசியது நல்ல பலன் தந்தது, ஏனென்றால் அங்கே எல்லாத் துறை அலுவலர்களும் ஒரே அறையில் இருக்கிறார்கள், சொன்னது பதிவாகிறது. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராமத்தில் பதியும் அடங்கலில் நம் பயிர் பதிவாகியிருக்கிறதா என்று அந்தப் பருவத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தக்காளி கருகியபின் அடங்கலில் நிலம் தரிசு என்று இருந்தால் இழப்பை நிறுவ வழியில்லை.

வாரிய அலுவலர்கள் முதலில் வந்தபோது ஓடை காய்ந்து கிடந்தது. என்னால் அன்று சோறு உண்ண முடியவில்லை. இரண்டாவது முறை, என் நோட்டில் இருந்த தேதிகளைக் காட்டி, மழைக்கு மறுநாள் காலையில் வருமாறு கேட்டேன். வந்தார்கள், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அன்றுதான் நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு நடப்பதை நேரில் பார்த்தேன். ஆலைத் தரப்புக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர்கள் முன்னிலையில் மாதிரி எடுத்து, இரண்டாகப் பிரித்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு முத்திரை வைக்கிறார்கள். இந்த முறைப்படி எடுத்த மாதிரிதான் வாரியத்தின் வழக்கில் நிற்கும். நாம் குடத்தில் பிடித்த தண்ணீர் அவர்களை வரவழைப்பதற்கு மட்டுமே பயன்படும். கூடவே, கிணற்றிலும் மாதிரி எடுக்குமாறு எழுத்தில் கேளுங்கள். கேட்காவிட்டால் ஆலையின் வாயில் மட்டும் எடுத்துவிட்டுப் போய்விடக் கூடும்.

இதற்கிடையே வீட்டிலும் ஊரிலும் நடந்தவற்றையும் சொல்ல வேண்டும். என் கொழுந்தனாரின் லாரி அந்த ஆலைக்குத்தான் ஓடியது. ஊரில் பல குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே ஷிஃப்ட் வேலை பார்க்கிறார்கள். அடுத்த தெருப் பையன் ஒருவன் வழியில் நிறுத்தி, “அக்கா, மில்ல மூடிட்டா எங்க பொழப்புக்கு என்னக்கா பண்றது?” என்று கேட்டான். அவன் மிரட்டவில்லை, உண்மையாகவே கேட்டான். ஆலையை மூட வேண்டும் என்று நான் ஒரு மனுவிலும் எழுதவில்லை. சுத்திகரித்து விடட்டும் என்றுதான் எழுதினேன் என்று மனுவின் நகலையே காட்டினேன். அதன்பின் அவன் வீட்டார் என்னோடு பேசினார்கள். மற்றவர்கள் நெடுநாள் பேசவில்லை. கோயில் திருவிழாவில் வரிக்காகக்கூட எங்கள் வாசலில் ஏறாமல் போன வருத்தம் இன்னும் ஆறவில்லை. கணவர் தொலைபேசியில், விட்டுவிடு, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பெங்களூருக்கு வந்துவிடு என்றார். அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு எவர் குத்தகைக்கு எடுப்பார்?

வாரியம் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பியது. அதன் பிறகு நீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவின் கீழ் உற்பத்தியை நிறுத்துமாறு உத்தரவிட்டு மின் இணைப்பும் துண்டிக்கப்பட்டது. அந்தப் பிரிவின்படி மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்க உத்தரவிடும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு. சில வாரங்களில் காற்றூட்டும் தொட்டியைப் பெரிதாக்கி, நீர் அளவி பொருத்தி, ஓடைப்பக்கக் குழாயை அடைத்தபின் ஆலை மீண்டும் ஓடத் தொடங்கியது. ஓடைக்கு அதன்பின் கழிவு வரவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் என் கிணறு அப்படியே இருந்தது. நிலத்துக்குள் இறங்கிய உப்பு குழாயை அடைத்ததும் மறைந்துவிடாது.

பசுமைத் தீர்ப்பாயம் பற்றி ஒரு வழக்கறிஞர் சொல்லித்தான் தெரிந்தது. அப்போது ஏறத்தாழ ஐந்து மாதம் கடந்திருந்தது. அந்தத் தீர்ப்பாயத்துக்கான 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்கீழ், மாசை நிறுத்தக் கோரும் மனுவை, வழக்குக்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். அலுவலகங்களில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பதால் இந்தக் கெடு நிற்பதில்லை. எத்தனையோ பேர் “மனு கொடுத்திருக்கிறோம், பார்ப்பார்கள்” என்று ஓராண்டு காத்திருந்து இந்த வாய்ப்பை இழக்கிறார்கள். முதல் நாளைக் குறித்து வையுங்கள், ஆறு மாதத்தை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். தென்மண்டல அமர்வு சென்னைச் சேப்பாக்கத்தில் கலச மஹாலில் இருக்கிறது. மொரப்பூரில் ரயிலேறிப் போய்வந்தேன். பிறகு சில விசாரணைகளைக் காணொலியிலேயே பார்க்க முடிந்தது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய்தான். நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடப்பதால் தமிழ் ஆவணங்களை எல்லாம் மொழிபெயர்த்துத் தர வேண்டும். எனக்கு வழக்கறிஞர் கட்டணத்துக்கு அடுத்தபடியாகச் செலவு வைத்தது இதுதான். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இதை நான் அறிந்தபோது நாற்பதாயிரம் ரூபாய் செலவாகியிருந்தது.

தீர்ப்பாயம் கூட்டுக்குழு அமைத்தது. குழு வந்து கிணற்றிலும் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளிலும் மாதிரி எடுத்தது. என் சொட்டுநீர் மானியக் கோப்பில் இருந்த பழைய அறிக்கையையும் தன் அறிக்கையில் சேர்த்தது. ஆலைக்குச் சுற்றுச்சூழல் இழப்பீடு விதிக்கப் பரிந்துரைத்தது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்தி பரவியதும் ஊரில் எல்லோரும் எனக்குப் பணம் வந்துவிட்டதாகவே பேசினார்கள். மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் சூத்திரப்படி விதிக்கப்படும் அந்தத் தொகை, ஆலையின் வகை, அளவு, விதிமீறல் நீடித்த நாட்கள், இடம் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படுவது. குறைந்தது நாளொன்றுக்கு 5,000 ரூபாய். அது வாரியத்தின் கணக்குக்குப் போகிறது, பாதிக்கப்பட்ட விவசாயிக்கு வருவதில்லை. விவசாயிக்கு வேண்டுமானால் தீர்ப்பாயச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்கீழ், தொகையைக் குறிப்பிட்டு, ஆதாரத்தோடு கேட்க வேண்டும். அதற்குக் கெடு ஐந்து ஆண்டு. கட்டணம் கேட்கும் தொகையில் ஒரு விழுக்காடு, குறைந்தது ஆயிரம் ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996-இலேயே உச்ச நீதிமன்றம் அதை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. அந்தத் தீர்ப்பை ஒட்டியே பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கான இழப்பீட்டைக் கணக்கிடத் தனி ஆணையமும் அமைக்கப்பட்டது.

என் கணக்கில் தக்காளியும் சாமந்தியும் போனதில் ஒன்றரை லட்சத்துக்குமேல், அடுத்த இரண்டு பருவம் ராகியைத் தவிர வேறு எதுவும் வைக்க முடியாததில் வருமான இழப்பு, சொட்டுநீர்க் குழாய்களை மாற்றியது, மாட்டுக்கும் வீட்டுக்கும் டேங்கர் தண்ணீர், ஆய்வகம், வழக்கு என்று எல்லாம் சேர்ந்து மூன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. ஒவ்வொன்றுக்கும் சீட்டு வைத்திருக்கிறேன். டேங்கர்காரரிடம்கூடத் தேதியோடு கைச்சீட்டு எழுதி வாங்கினேன். மனுவோடு பட்டா, சிட்டா, மூன்று ஆண்டு அடங்கல், பழைய நீர் அறிக்கை, கூட்டுக்குழு அறிக்கை, தோட்டக்கலை அலுவலரின் பயிர்ச்சேதச் சான்று, தக்காளி மண்டியில் முந்தைய ஆண்டு விற்ற பட்டியல் ஆகியவற்றை இணைத்தோம். மண்டிப் பட்டியலை வழக்கறிஞர் கேட்கவில்லை, நானாகத்தான் சேர்த்தேன். நல்ல ஆண்டில் அந்த ஒரு ஏக்கர் என்ன விளைந்தது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் காகிதம் வேறில்லை என்று பிறகு அவரே சொன்னார். சென்ற மழைக்குப் பின் கிணற்றில் மீட்டர் 1,900 காட்டுகிறது. பழைய அறிக்கையின் அளவை எட்ட இன்னும் சில நல்ல மழை வேண்டும். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைக் கொடுத்துக் கேட்டதில், சோடியம் ஏறியிருப்பதால் ஜிப்சம் இட்டு, நல்ல தண்ணீர் கிடைக்கும்போது பாய்ச்சி வடிக்கச் சொன்னார்கள்; மேற்குப் பக்கத்து அரை ஏக்கரில் அதைத் தொடங்கியிருக்கிறேன்.